ஆயிலில் மின்னிய துணுக்கு

திருச்சிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவருக்கு வளைகுடாவில் வேலை. வீட்டுக் காருக்கு ஆயில் மாற்றப் போன இடத்தில், வடித்த பழைய ஆயிலில் பளபளவென்று ஏதோ மின்னியிருக்கிறது. மெக்கானிக், "இன்ஜினே தேய்ஞ்சு போச்சும்மா, இறக்கித்தான் பாக்கணும். 40,000 ரூபாயாவது ஆகும்" என்று சொல்லிவிட்டாராம். "வளையலை அடகு வைக்கிறதா, என்ன செய்யறதுன்னே புரியலே" என்று கேட்கிறார்.

வளையல் கையிலேயே இருக்கட்டும் சகோதரி. அந்த ஆயிலையும் கழற்றின ஃபில்டரையும் ஒரு டப்பாவில் கேட்டு வாங்கி வந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் கெட்டிக்காரத்தனம். பாதிப் பேர் அதைக் கீழே கொட்டிவிட்டு வெறும் பயத்தோடு வீட்டுக்கு வருகிறார்கள்.

இன்ஜினுக்குள் உலோகமும் உலோகமும் நேரே உரசாதபடி நடுவில் மெல்லிய ஆயில் படலம் நின்று தாங்குகிறது. இருந்தாலும் சிறிது தேய்மானம் இருக்கத்தான் செய்யும். புதிதாகக் கொத்தின அம்மியில் முதலில் அரைத்ததை நாம் வாயில் வைக்கிறோமா? கல்தூள் வரும் என்று கொட்டிவிடுகிறோம். புதுக் காரிலிருந்து முதன்முதலாக வடிக்கிற ஆயிலும் அப்படித்தான், மினுமினுப்பு சற்றுத் தூக்கலாகவே இருக்கும். அதற்காக அம்மியைத் தூக்கி எறிகிறவர் உண்டா!

ஓடிப் பழகின காரானால் ஒரு காந்தம் வேண்டும். ஃபிரிஜ்ஜில் ஒட்டுகிற பொம்மைக் காந்தம் போதாது. பழைய ரேடியோ ஸ்பீக்கரில் இருக்கிறதே, அது நல்லது. அதைப் பாலிதீன் பைக்குள் போட்டு ஆயிலில் துழாவுங்கள். (பையில்லாமல் விட்டால் துடைத்து மாளாது.) கையுறை போட்டுக்கொண்டு, ஒட்டியதைத் தேய்த்துப் பாருங்கள். விபூதியைக் குழைத்தாற்போல், நெருடாத சாம்பல் நிறப் பூச்சு மட்டும் என்றால் வழக்கமான தேய்மானம். ஊசி ஊசியாக, சில்லுச் சில்லாக ஒட்டினால் உள்ளே ஏதோ இரும்புப் பாகம் சிதைகிறது.

காந்தத்தில் ஒட்டாததெல்லாம் நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். பிஸ்டன் அலுமினியத்தில் செய்தது. பேரிங்குகளின் உட்பூச்சில் செம்பு, ஈயம், வெள்ளீயம், அலுமினியம் போன்றவை கலந்திருக்கும். செம்பு நிறச் செதில்கள் வந்தால் பேரிங்கின் மேல்பூச்சு போய் அடிப்பூச்சு தெரிகிறது என்று பொருள். அப்போது காரை ஓட்டாமல் நிறுத்துவதுதான் சிக்கனம். "இந்தக் கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஓட்டினால் பேரிங்கோடு போகவேண்டிய செலவு கிராங்க் ஷாஃப்ட் வரை போகும்.

நம் சகோதரி கண்டது, "தேங்காய்த் துருவல் மாதிரி வெள்ளையா ஒரே ஒரு சுருள், காந்தத்திலே ஒட்டலே." இதைப் படித்ததும் எனக்கு டிரெயின் பிளக் மேல்தான் சந்தேகம் விழுந்தது. இன்ஜினின் அடியில் ஆயில் தங்குகிற சம்ப் பல கார்களில் அலுமினியம். வடிக்கிற போல்ட்டை ஒவ்வொரு தடவையும் பலங்கொண்ட மட்டும் முறுக்கினால் மரை உரிந்து இப்படிச் சுருளாக வரும். அதற்கு மரையைச் சரிசெய்தால் போதும். இன்ஜினை இறக்குவானேன்?

ஆனால் ஃபில்டர் சாட்சி சொல்ல வேண்டும். அதன் தகர மூடியை அறுத்து, உள்ளே விசிறி மடிப்பாயிருக்கும் காகிதத்தை ஒரு பழைய வெள்ளை வேட்டித் துணிமேல் விரித்து வெயிலில் பாருங்கள். சுத்தமாக இருந்தால், மரையைச் சரிசெய்து, புது ஃபில்டர், புது ஆயிலோடு ஓட்டலாம். 500 கிலோமீட்டர் ஆனதும் மறுபடி வடித்துப் பார்த்துவிட வேண்டும். மடிப்புக்கு மடிப்பு துணுக்கு மின்னினால் மெக்கானிக் சொன்னதில் விஷயம் இருக்கிறது. அப்போதும் வேறொரு பட்டறையில் காட்டி, "முதல்லே சம்ப்பை மட்டும் கழட்டி பேரிங்கைப் பாருங்க" என்று கேளுங்கள். பல கார்களில் இன்ஜினை வெளியே எடுக்காமலே இதைச் செய்யலாம்.

ஓடும்போது டாஷ்போர்டில் அலாவுதீன் விளக்கு மாதிரி ஒரு சிவப்பு விளக்கு எரிந்தால் பட்டறை வரைக்கும்கூட ஓட்டக் கூடாது. ஓரங்கட்டி உடனே இன்ஜினை அணையுங்கள். ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டது என்பதற்கு அடையாளம் அது.

இனி அந்த டப்பா ஆயில். நம் ஊரில் இதைக் கரையானுக்காகக் கதவு நிலையிலும் கட்டில் காலிலும் பூசுகிறார்கள். சொறி பிடித்த நாய்க்குத் தடவுகிறவர்களும் உண்டு. அந்த வாயில்லா ஜீவன் அதை நக்கித் தின்னும். ஓடின ஆயிலில் உலோகத் தூளோடு, எரிந்த எரிபொருளின் நச்சுப் பொருள்களும் சேர்ந்திருக்கின்றன. சுண்டெலிகளின் தோலில் தொடர்ந்து தடவிய சோதனைகளில் தோல் புற்று வந்திருக்கிறது. தவழுகிற குழந்தை கை வைக்கிற இடத்தில் இது இருக்கவே கூடாது. கையில் பட்டால் பெட்ரோலால் துடைக்காமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீட்டிலேயே ஆயில் மாற்றுகிறவரின் சட்டையைக் குழந்தைத் துணியோடு ஊறப்போட வேண்டாம்.

பார்த்து முடித்ததும் டப்பாவைப் பட்டறையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய ஆயிலைச் சேகரித்துச் சுத்திகரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். துடைத்த கந்தலையும் கூடவே கொடுங்கள். அதை வெந்நீர் அடுப்பில் போட்டு எரிக்க வேண்டாம்.