வெள்ளி ரூபாயைத் தேய்க்காதீர்கள்

ஆயுத பூஜைக்கும் புதுக்கணக்குக்கும் கல்லாப்பெட்டியில் இருக்கும் பழைய வெள்ளி ரூபாயை எடுத்து, புளியோ விபூதியோ போட்டுப் பளபளவென்று தேய்த்துச் சாமி படத்தின் முன் வைப்பது நம்மில் பலருக்கும் வழக்கம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். அது நஷ்டத்துக்கு வழி என்பதை நம் வணிகப் பெருமக்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

என் தகப்பனார் விட்டுச் சென்ற ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயை, பழைய நாணயம் வாங்குகிற ஒருவரிடம் காட்டினேன். ஆண்டு 1911. அந்த ஆண்டு ரூபாயில் மன்னரின் அங்கியில் உள்ள யானை பன்றி போல் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்ததால், அதைத் திரும்பப் பெற்று 1912-ல் திருத்தி அச்சிட்டார்கள். அதனால் 1911 ரூபாய்க்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் என் ரூபாயில் யானையும் இல்லை, பன்றியும் இல்லை. நான் தேய்த்த தேய்ப்பில் அந்த இடமே மழுங்கிக் கிடந்தது. "11.66 கிராம் எடை, அதில் 12-ல் 11 பங்கு வெள்ளி. அந்த வெள்ளிக்கு உண்டான விலைதான் ஐயா" என்று சொல்லிவிட்டார்.

காசின் மேல் உள்ள கறுப்பு அழுக்கு அன்று. காற்றில் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாகும் படலம் அது. அதைத் தேய்த்தால் வெள்ளியும் சேர்ந்தே போகும். ஆகவே கறுப்பை அப்படியே விட்டுவிட வேண்டும்.

சந்தனம், குங்குமம், எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவைதான் நீக்க வேண்டிய கறைகள். காய்ச்சி வடித்த நீரில் காரமில்லாத சோப்பு ஒரு துளி விட்டு, காசைச் சிறிது நேரம் ஊற வையுங்கள். பிறகு நல்ல நீரில் அலசி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், துடைக்க வேண்டாம். காசை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும்.

நம் கடைகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ரப்பர் பேண்டிலும் முட்டையிலும் கந்தகம் இருக்கிறது. ரப்பர் பேண்டு கிடக்கும் கல்லாவில் வெள்ளிக்காசைப் போட்டு வைத்தால் சீக்கிரம் கறுத்துவிடும். ஈரமில்லாத இடத்தில் தனியாக வையுங்கள்.

நகைக்கடையில் புதிதாக வாங்கிய லட்சுமி காசை விருப்பம்போல் துலக்கலாம். அதற்கு வெள்ளி விலைதான். பழைய ரூபாய் அப்படியல்ல. வெள்ளிக்காசு துலக்கப் பொடி கேட்டு யாராவது உங்கள் கடைக்கு வந்தால், பொட்டலம் கட்டுவதற்கு முன் காசில் என்ன ஆண்டு போட்டிருக்கிறது என்று கேளுங்கள். ஒரு விற்பனை போனாலும் பரவாயில்லை.