ஸ்பெஷல் வண்டி போதாது, தினசரி வண்டி வேண்டும்



ரயில்வேயில் பாதை பராமரிப்புப் பிரிவில் காலம் கழித்து ஓய்வு பெற்றவன் நான். கூடைப்பந்தைப் பற்றி எழுத இவருக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் சென்ற மாதம் எங்கள் வீட்டு வாசலில் நடந்த ஒரு சிறு பேச்சு என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

சித்தூரில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் மளிகைக் கடை வைத்திருப்பவர். அவருடைய மகள் பள்ளியில் கூடைப்பந்து ஆடியவள். இப்போது இன்டர் முதலாண்டு. சேர்ந்திருக்கும் கல்லூரியில் வகுப்பறைகள் உண்டு, மைதானம் கிடையாது. ஒருநாள் மாலை அவர் மகளை அழைத்துக்கொண்டு வந்தார்.

"சார், நீங்க ரயில்வேல இருந்தவரு. இவ பந்து ஆடினா ரயில்வேல வேலை கிடைக்குமா? கிடைக்கும்னா ஆடட்டும். இல்லேன்னா புஸ்தகத்தை எடுக்கட்டும். நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க."

நான் அந்தப் பெண்ணிடம், "இந்த வருஷம் எத்தனை மேட்ச் ஆடினேம்மா?" என்று கேட்டேன். அவள் விரல் விட்டு எண்ணினாள். மூன்று நாள் நடந்த போட்டி ஒன்று, ஒருநாள் போட்டி ஒன்று. "நாலு, தாத்தா" என்றாள்.

அந்த நாலு என்ற எண் அன்று இரவு முழுதும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

அமெரிக்காவில் பெண்களுக்கான தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கம் ஒன்று உண்டு. டபிள்யூ.என்.பி.ஏ. என்பார்கள். 1997 ஜூனில் எட்டு அணிகளுடன் அது தொடங்கியபோது ஓர் அணிக்கு அந்த ஆண்டு 28 ஆட்டங்கள். 2025-இல் அணிகள் 13 ஆகிவிட்டன. ஓர் அணிக்கு ஆட்டங்கள் 44. அதற்கு மேல் இறுதிச் சுற்றுகள் வேறு. இந்த மொத்தத்தையும் அவர்கள் சீசன் என்கிறார்கள். நமக்கு சீசன் என்றால் குற்றாலம் நினைவுக்கு வரும்; என் போன்றவர்களுக்கு சீசன் டிக்கெட் நினைவுக்கு வரும். இன்று ஏறலாம், நாளையும் ஏறலாம், வண்டி நிச்சயம் வரும் என்ற நம்பிக்கைக்குத்தான் சீசன் டிக்கெட் வாங்குகிறோம். விளையாட்டிலும் சீசனுக்குப் பொருள் அதுவே. இன்று தோற்றவளுக்கு அடுத்த வாரம் இன்னொரு ஆட்டம் இருக்கிறது. செய்த தவறைத் திருத்திக்கொள்ள இடம் இருக்கிறது.

நம் நாட்டில் பெண்கள் கூடைப்பந்துக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். நான் உப்புத் தின்ற ரயில்வே செய்திருப்பது சாமானியம் அல்ல. ரயில்வேக்கு 1928 முதலே விளையாட்டுக்கென ஓர் அமைப்பு உண்டு. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குச் சேர்ந்த பெண்கள்தாம் இந்திய ரயில்வே அணியாக தேசியப் போட்டிகளில் மற்ற மாநிலங்களை வரிசையாக வென்று வந்திருக்கிறார்கள். 2022 ஏப்ரலில் சென்னையில் நடந்த 71-ஆவது தேசியப் போட்டியிலும் பெண்கள் பட்டம் ரயில்வேக்கே.

அந்த வரிசையில் இரண்டு பேரை நாம் நன்றாக அறிந்துகொள்ள வேண்டும். ஒருவர் சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை. தெற்கு ரயில்வே ஊழியர். பதினெட்டு ஆண்டுகள் இந்திய அணிக்கு ஆடினார். பத்தொன்பது வயதிலேயே அணித் தலைவி ஆனார். தொடர்ந்து ஒன்பது ஆசியப் போட்டிகளில் பங்கேற்றார். குழந்தை பெற்ற பின்னும் களத்துக்குத் திரும்பி வந்தார். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மற்றவர் கேரளத்தைச் சேர்ந்த கீத்து அன்னா ஜோஸ். அவரும் தெற்கு ரயில்வேதான். ஆறடி இரண்டங்குல உயரம். 2006 முதல் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் அணிக்காக ஆடினார். 2011-இல் அமெரிக்காவின் மூன்று தொழில்முறை அணிகள் அவரைத் தேர்வு ஆட்டத்துக்கு அழைத்தன. இடம் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த வாசல்வரை சென்ற முதல் இந்தியப் பெண் அவர்.

இத்தனை இருந்தும் எங்கே குறை? என் கணக்கு இதுதான். 2017 ஜூலையில் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவுப் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் நம் பெண்கள் கஜகஸ்தானை 75-73 என்று வென்று முதல் பிரிவுக்கு ஏறினார்கள். நாமெல்லாம் மகிழ்ந்தோம். 2019-இல் அதே பெங்களூரில் முதல் பிரிவுப் போட்டி. எட்டு அணிகளில் நமக்கு எட்டாவது இடம். 2021-இல் ஜோர்டான் நாட்டின் அம்மான் நகரில் மறுபடியும் கடைசி இடம். மீண்டும் இரண்டாம் பிரிவுக்கே இறங்கினோம்.

இதற்குப் பெண்களைக் குறை சொல்வது பாவம். போட்டி வரும்போது முகாம் போடுகிறோம், ஆடுகிறார்கள், கலைந்துவிடுகிறார்கள். ரயில்வே மண்டலங்களுக்கிடையே ஒரு போட்டி, பிறகு தேசியப் போட்டி என்று ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் முடிந்துவிடும். வாராவாரம், மாதக்கணக்கில் ஆடுவதற்கு வழியில்லை. ரயில்வே மொழியில் சொன்னால் இவை எல்லாம் திருவிழா ஸ்பெஷல் வண்டிகள். கூட்டம் வரும், கொடி அசைப்பார்கள், வண்டி போய்விடும். தினசரி பாசஞ்சர் ஓடாத பாதை துருப்பிடிக்கும் என்பது பாதையில் நின்று வேலை செய்தவனுக்குத் தெரியும்.

"அமெரிக்காவில் பணம் இருக்கிறது, நம்மால் முடியுமா?" என்று கேட்பவர்களுக்கு நான் அமெரிக்காவைக் காட்டப் போவதில்லை. அங்கேயும் எல்லாம் சுகம் இல்லை. ஹூஸ்டன் காமெட்ஸ் என்ற அணி 1997 முதல் 2000 வரை தொடர்ந்து நான்கு பட்டங்களை வென்றது. அந்த அணியே 2008-இல் மூடப்பட்டது. முதலாளிக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் பட்டம் வென்ற அணிக்கும் அதுதான் கதி. நம் நாட்டில் 2015-இல் ஆண்களுக்கென்று தொடங்கிய தொழில்முறைப் போட்டி ஒன்றும் 2017-உடன் நின்றுபோயிற்று. ஆகவே ரயில்வே வேலை என்ற பிடிமானத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். முழங்கால் போனாலும் மாதச் சம்பளம் வரும் என்பது ஏழை வீட்டுப் பெண்ணுக்குச் சிறிய விஷயமா?

நான் காட்டுவது ஜப்பானை. அங்கே பெண்கள் கூடைப்பந்து அணிகளைப் பெரிய கம்பெனிகளே நடத்துகின்றன. டொயோட்டா, டென்சோ, எனியோஸ் ஆகியவற்றின் பெயரால் அணிகள் உண்டு. நம் ரயில்வே அணி போன்ற ஏற்பாடுதான். ஆனால் இந்த அணிகள் ஒன்றோடொன்று இலையுதிர் காலம் தொடங்கி மாதக்கணக்கில் லீக் ஆடுகின்றன. கம்பெனியின் ஆதரவும் உண்டு, சீசனும் உண்டு. அந்த ஜப்பான் பெண்கள்தாம் 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் இறுதி ஆட்டம்வரை சென்று அமெரிக்காவிடம் 90-75 என்று தோற்று வெள்ளி வாங்கினார்கள். உயரத்தில் அவர்கள் அமெரிக்கரைவிடக் குறைந்தவர்கள். ஓட்டத்திலும் பழக்கத்திலும் ஈடு செய்தார்கள். பழக்கம் ஒரு வார முகாமில் வருமா?

நமக்கு அருகிலேயே இன்னொரு சான்று உண்டு. பெண்கள் கிரிக்கெட்டுக்கு 2023-இல் ஐந்து அணிகளுடன் டபிள்யூ.பி.எல். போட்டி தொடங்கியது. பக்கத்துக் கடப்பை மாவட்டத்திலிருந்து ஸ்ரீ சரணி என்ற பெண் 2025-இல் அந்தப் போட்டியில் டில்லி அணிக்கு ஆடினார். அதே ஆண்டு இந்திய அணியில் இடம் பிடித்தார். அதே ஆண்டு நவம்பரில் உலகக் கோப்பையை வென்ற அணியில் அவரும் இருந்தார். திறமை அவருடையது. ஆனால் அது கண்ணில் படுவதற்கு ஒரு சீசன் வேண்டியிருந்தது.

இனி நம் சங்கத்துக்கு வருகிறேன். நம் நிர்வாகக் குழுவில் ஒரு பேச்சு நடந்தது. ஆண்டுதோறும் பெண்களுக்கு நடத்தும் ஒருநாள் கூடைப்பந்துப் போட்டிக்கு ஆகும் செலவு வீண், அதை ஆண்டு விழா மேடை அலங்காரத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஒருநாள் போட்டியால் பெரிய பயன் இல்லை என்பதில் நானும் அவர் பக்கம்தான். உண்மையைச் சொன்னால் அன்று நான் வாய் திறக்கவில்லை. அந்தத் தவறைத் திருத்தத்தான் இக்கட்டுரை. ஒருநாளை நிறுத்துவது விடை ஆகாது. அதைப் பல நாளாகப் பிரிப்பதே விடை.

கணக்கு எளிது. சித்தூரில் இரண்டு அணி, திருப்பதியில் இரண்டு அணி. ஒவ்வோர் அணியும் மற்ற மூன்று அணிகளோடும் இரண்டு முறை ஆடினால் மொத்தம் 12 ஆட்டம். ஞாயிறுக்கு இரண்டு ஆட்டம் என்றால் ஆறு ஞாயிறு. ஜூலை முதல் ஞாயிறு தொடங்கி ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வைத்தால் செப்டம்பர் நடுவில் முடிந்துவிடும். அடைமழையும் இல்லை, பொதுத்தேர்வும் இல்லை. பிரம்மோற்சவக் கூட்டம் சேர்வதற்குள் பஸ் பயணமும் முடிந்துவிடும். சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே சுமார் எழுபது கிலோமீட்டர். காலையில் போய் விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பலாம்.

பெண் பிள்ளைகள் என்பதால் சில விஷயங்களில் கண்டிப்பு வேண்டும். ஒவ்வோர் அணியோடும் பொறுப்பான ஒரு பெண்மணி போக வேண்டும். உடை மாற்ற அறையும் கழிப்பறையும் இல்லாத இடத்தில் ஆட்டம் வைக்கக் கூடாது. பெண்களுக்கான ஆறாம் எண் பந்தே வாங்க வேண்டும். ஆண்களின் ஏழாம் எண் பந்தைக் கொடுத்துச் சமாளிக்கக் கூடாது. நடுவர்களுக்கு உரிய ஊதியம் கொடுக்க வேண்டும். பரிசுக் கோப்பை சிறியதாக இருந்தாலும் பாதகமில்லை. மேடையும் பொன்னாடையும் இல்லாவிட்டால் இன்னும் நல்லது.

"தமிழ்ச் சங்கத்துக்கு இதெல்லாம் எதற்கு?" என்ற கேள்வியும் எழும். இந்த மண்ணில் தமிழும் தெலுங்கும் அண்டை வீடுகளாகப் பல தலைமுறை வாழ்ந்தவை. 1911-இல் சித்தூர் மாவட்டம் உண்டாகும் முன் இப்பகுதியின் பெரும்பகுதி வடஆர்க்காட்டில்தான் இருந்தது. நம் பிள்ளைகளும் தெலுங்குப் பிள்ளைகளும் ஒரே அணியில் ஆடட்டும். நம் சங்கம் ஊருக்கு ஒரு நல்ல காரியம் செய்தது என்று நாலு பேர் சொன்னால், அது பத்து விழாக்களைவிட நம் மொழிக்குப் பெருமை.

எதிர்வீட்டு நண்பருக்கு நான் சொன்ன பதிலையும் சொல்லிவிடுகிறேன். "ரயில்வே வேலை உறுதி என்று சொல்ல மாட்டேன். தேசிய அளவில் ஆடுபவர்களுக்கே அந்தக் கதவு திறக்கும். நாலு ஆட்டம் ஆடிய பெண் அங்கே போக முடியாது. ஆனால் ஒரு வருஷம் பொறுங்கள், விளையாட்டை நிறுத்தாதீர்கள்" என்றேன். அவர் அரை மனத்தோடு தலையாட்டினார். அந்தப் பெண் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவருக்கு நான் கொடுத்த வாக்கு, உங்களைக் கேட்காமல் உங்கள் பேரிலும் கொடுத்ததாகிவிட்டது. மன்னிக்கவும். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். மைதானம் தர இணங்கும் பள்ளி, கல்லூரிகளைத் தெரிந்தவர்களும், ஒரு ஞாயிறு பஸ் செலவை ஏற்க விரும்புபவர்களும், முன்பு ஆடிய தாய்மார்களும் கூட்டத்துக்கு முன்பே செயலாளரிடம் தெரிவித்தால் நலம். இந்த ஆறு ஆட்டங்கள் சேர்ந்தால், அடுத்த ஆண்டு நான் அதே கேள்வியைக் கேட்கும்போது அவள் பத்து என்று சொல்ல வேண்டும். அதுவே இப்போதைக்கு என் ஆசை.