விஸ்காம் படிக்க கேமிங் லேப்டாப் வேணுமா? அம்மா செயினை அடகு வைக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

பிளஸ் டூ முடிந்து விஸ்காமோ மல்டிமீடியாவோ சீட் கிடைத்துவிட்டது. அடுத்து வீட்டில் ஓடும் பேச்சு லேப்டாப்தான். "கிராஃபிக் டிசைன்னா கேமிங் லேப்டாப்தான் வாங்கணுமாம், சீனியர் அண்ணன் சொன்னாரு" என்று நீங்கள் ஆரம்பிப்பீர்கள். விலை எழுபதாயிரத்தைத் தாண்டும் என்றதும் அப்பா அமைதியாகிவிடுவார். அம்மாவின் கை தானாகக் கழுத்துச் செயினுக்குப் போகும். கள்ளக்குறிச்சி டவுனிலும் சரி, கல்வராயன் மலை மேலே வெள்ளிமலையிலும் சரி, கதை இதுதான்.

செயின் அடகுக் கடைக்குப் போவதற்கு முன் ஒரு கேள்வி. நீங்கள் சேரப்போவது அரசுக் கல்லூரியா, தனியார் கல்லூரியா? ஏனென்றால் கணக்கு அங்கேயே மாறிவிடுகிறது.

2011-ல் ஜெயலலிதா ஆட்சியில் ஆரம்பித்த இலவச லேப்டாப் திட்டம் கொரோனா காலத்தில் நின்றுபோனது நினைவிருக்கும். 2025-26 பட்ஜெட்டில் அது வேறு வடிவில் திரும்பி வந்தது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் என்று அறிவித்தார்கள். 2026 ஜனவரியில் 'உலகம் உங்கள் கையில்' என்ற பெயரில் மு.க.ஸ்டாலின் அதைத் தொடங்கி வைத்தார். ஐ3 அல்லது ரைசன் 3 பிராசஸர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. பி.ஏ. வரலாறு படிப்பவருக்கும் இதேதான், டிசைன் படிப்பவருக்கும் இதேதான்.

"இதுல போட்டோஷாப் ஓடுமா?" ஓடும். அடோபி சொல்லும் குறைந்தபட்ச ரேம் 8 ஜிபி, பரிந்துரைப்பது 16 ஜிபி. அதாவது அரசு லேப்டாப் வாசல் வரைக்கும் கொண்டுவிடும். முதல் வருடம் லோகோ, போஸ்டர், விசிட்டிங் கார்டு என்றுதான் போகும், அதற்கு இது தாங்கும். முப்பது லேயர் வைத்த ஃபைலோடு குரோமில் பத்து டேப் திறந்தால்தான் மூச்சு வாங்கும். எனவே அரசுக் கல்லூரி என்றால் லேப்டாப் எப்போது கைக்கு வரும் என்று முதலில் ஆபீஸில் விசாரியுங்கள். அதுவரை கல்லூரி லேப் இருக்கிறது. அதற்குள் கடன் வாங்கி இன்னொன்று வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

"அப்புறமா ரேம் போட்டுக்கலாம்" என்று போன வருடம் வரை எல்லோரும் சொன்னோம். இப்போது அதையும் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. உலகம் முழுக்க ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போக, ரேம் விலை எகிறிவிட்டது. நம்மில் பலர் வாங்கிப் போட்ட க்ரூஷியல் பிராண்டின் தாய் நிறுவனமான மைக்ரான், கடைகளில் விற்கும் அந்த பிசினஸே வேண்டாம் என்று 2025 டிசம்பரில் அறிவித்தது. வெள்ளிமலை மாணவருக்கும் அமெரிக்க டேட்டா சென்டருக்கும் என்ன சம்பந்தம் என்றால், இதுதான் சம்பந்தம்! 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி குறைத்தபோது டிவிக்கும் ஏசிக்கும் வரி இறங்கியது. லேப்டாப்புக்கு ஏற்கெனவே இருந்த 18 சதவிகிதம் அப்படியே நின்றது. அங்கேயும் நமக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆகவே தனியார் கல்லூரியில் சேர்ந்து, சொந்தக் காசில் வாங்குபவர்கள் முதல் நாளே 16 ஜிபி ரேம் உள்ளதாக வாங்கிவிடுங்கள். அதற்கான பணத்தை கிராஃபிக்ஸ் கார்டில் மிச்சம் பிடியுங்கள். போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிரா மாதிரியான வேலைகளுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு கட்டாயமே இல்லை. பிளெண்டரில் 3டி, ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் கனமான அனிமேஷன் என்று இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும். அந்தப் பக்கம் போவீர்களா என்பது உங்களுக்கே இரண்டாம் வருடத்தில்தான் தெரியும்.

மலையில் இருந்து வருபவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கேமிங் லேப்டாப் பெரும்பாலும் இரண்டு கிலோவைத் தாண்டும், சார்ஜரே ஒரு செங்கல். பேட்டரியும் சீக்கிரம் இறங்கிவிடும். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும் பஸ்ஸில் அதைத் தூக்கிக்கொண்டு போய், வீட்டில் கரண்ட் இல்லை என்றால் என்ன செய்வீர்கள்? சிக்னலும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி கிடைக்காது. பிரவுசரில் ஓடும் ஃபிக்மா, கேன்வாவை மட்டும் நம்பினால் லீவு நாள்களில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நெட் இல்லாமல் ஓடும் இங்க்ஸ்கேப், கிரிட்டா, ஜிம்ப் மூன்றையும் ஹாஸ்டலில் இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் இலவசம். 2025 அக்டோபரில் இருந்து அஃபினிட்டியும் இலவசமாகிவிட்டது.

ஆனால், இலவசம் என்றதும் குதிக்காதீர்கள். எந்த சாஃப்ட்வேராக இருந்தாலும் முதலில் 'கொக்கு', 'ஸ்ரீ' என்று யூனிகோடில் டைப் செய்து பாருங்கள். சிலவற்றில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் பிய்ந்து நிற்கும். போட்டோஷாப்பின் பழைய வெர்ஷன்களில் பிரிஃபரன்ஸில் எழுத்துக்கான பகுதிக்குப் போய், தெற்காசிய மொழிகளையும் சேர்த்துக் கையாளும் வசதியைத் தேர்ந்தெடுத்தால்தான் தமிழ் ஒழுங்காக வரும். இதை யாரும் சொல்லிக்கொடுக்காமல், "என் லேப்டாப்ல தமிழே வராது" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்!

ரேமுக்கு அடுத்து நான் காசு போடச் சொல்வது ஸ்கிரீனுக்கு. விலை குறைந்த லேப்டாப்புகளில் '45 சதவிகிதம் என்டிஎஸ்சி' என்று ஓரத்தில் போட்டிருப்பார்கள். நிறங்கள் வெளிறித் தெரியும் பேனல் அது. கல்யாண பேனருக்கு நீங்கள் வைத்த சிவப்பு, ஃபிளெக்ஸில் வேறு சிவப்பாக வந்து நிற்கும். திட்டு விழுவது உங்களுக்குத்தான். '100 சதவிகிதம் எஸ்ஆர்ஜிபி' என்று இருந்தால் தைரியமாக எடுக்கலாம்.

பட்ஜெட் இன்னும் இடிக்கிறதா? சென்னை ரிச்சி தெருவில் ஆபீஸ்களில் இருந்து கழித்த லாட்டிட்யூட், திங்க்பேட் எல்லாம் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். ஒன்றே ஒன்று: விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் வேண்டும். "ஐ7 தம்பி, சூப்பரா ஓடும்" என்று ஆறாம் தலைமுறையைக் கையில் கொடுத்தால் வைத்துவிட்டு வாருங்கள். பேட்டரி ரிப்போர்ட்டையும் அங்கேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், விண்டோஸிலேயே அதற்கு வசதி இருக்கிறது.

அரசுப் பள்ளியில் படித்துப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வாங்குபவர் என்றால் மூன்று வருடத்தில் 36,000 ரூபாய் வரும். பஸ், சாப்பாடு போக அதில் பாதி நின்றால்கூட, இரண்டாம் வருடம் ரேமோ ஒரு பென் டேப்லட்டோ வாங்க வழி பிறக்கும்.

கடைசியாக, லேப்டாப் வாங்கும் முன் உங்கள் ஊர் ஃபிளெக்ஸ் கடையில் ஒரு சாயங்காலம் போய் உட்காருங்கள். அங்கே பெரும்பாலும் பழைய கோரல்டிராவும் பாமினி ஃபான்ட்டும்தான் ஓடும், சுமாரான கம்ப்யூட்டரில். லீவில் பார்ட் டைம் வேலை கிடைக்கப்போவதும் அங்கேதான். "அண்ணே, எந்த வெர்ஷன் வெச்சிருக்கீங்க, எந்த ஃபான்ட்ல டைப் பண்றீங்க?" என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அதே ஃபான்ட்டும், அவர் வெர்ஷனில் திறக்கும்படி ஃபைலைச் சேமிக்கும் வழியும் தெரியாவிட்டால், லேப்டாப் என்ன விலையாக இருந்தாலும் அவர் கொடுக்கும் வேலையைத் தொடக்கூட முடியாது.