முன்னெச்சரிக்கை இறைநம்பிக்கைக்கு முரணன்று

தொழிற்கூடங்களில் பாதுகாப்பைப் பற்றிப் பேச்செடுத்தால், "தலையில் எழுதியிருந்தால் எங்கிருந்தாலும் நடக்கும்" என்னும் மறுமொழி உடனே எழுவதைக் கேட்கிறோம். கையுறையையும் முகமூடியையும் ஒதுக்கி வைத்துவிட்டு, விதியின்மீது பாரத்தைப் போடும் இப்போக்கை இறைநம்பிக்கை என்றே சிலர் எண்ணிவிடுகின்றனர். இது நம்பிக்கையா? நம்பிக்கையின் பெயரால் நிகழும் அலட்சியமா?

கி.பி. 638-639ஆம் ஆண்டுகளில் சிரியாவை அம்வாஸ் கொள்ளைநோய் வாட்டியது. அந்நாட்டை நோக்கிப் புறப்பட்டிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள், வழியில் ஸர்ஃக் என்னுமிடத்தில் இச்செய்தியை அறிந்து, தோழர்களுடன் கலந்தாலோசித்துத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். இறைவனின் விதியினின்றும் தப்பியோடுவதா எனத் தளபதி அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என உமர் (ரலி) அவர்கள் விடையிறுத்தார்கள். நோய் பரவிய ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அங்கிருப்போர் அதினின்று வெளியேறவும் வேண்டாம் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் அப்போது எடுத்துரைத்தார்கள். தன்னைக் காத்தலும், தன்னால் பிறர்க்குக் கேடு வராமல் தடுத்தலும் ஆகிய இரு கடமைகளும் அவ்வறிவுரையில் அடங்கியுள்ளன அன்றோ!

இவ்விரு கடமைகளும் இன்றைய உழைப்பாளருக்கு எவ்வாறு பொருந்தும்? வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடும் தோல் பதனிடும் தொழிலையே எடுத்துக்கொள்வோம். தோலிலிருந்து உரோமத்தை நீக்கச் சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடையும் சேர்க்கின்றனர். அக்கழிவில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு எழும். மூடிய தொட்டியில் தேங்கி அழுகும் கசடும் இதனை உண்டாக்கும். காற்றினும் கனமானதாகையால் இது குழியின் அடியிலேயே தங்கிவிடுகிறது.

தொடக்கத்தில் இவ்வாயு அழுகிய முட்டைபோல் நாறும். காற்றின் 10 இலட்சம் பங்கில் இது 100 பங்கை எட்டினாலோ, சில நிமிடங்களில் மூக்கு உணர்விழந்துவிடும். நாற்றம் நின்றது, ஆபத்தும் நீங்கிற்று என நம்பி இறங்குவோர் ஏமாறுவர். 1,000 பங்கை எட்டினால் ஓரிரு மூச்சிலேயே மனிதன் சாய்ந்துவிடுவான். முகத்தில் கட்டிய துணி இதனைத் தடுக்காது.

ஒருவர் விழக் கண்டு, பதறி இறங்கும் இரண்டாமவரும் மூன்றாமவரும் அடுத்தடுத்து மடிவதே இத்தகைய விபத்துகளில் மிகக் கொடியது. அவர்களின் இரக்கம் போற்றத்தக்கது. எனினும் அது எவரையும் காப்பதில்லை. இறங்குமுன் கருவியால் காற்றைச் சோதித்தலும், சுவாசக் கருவி அணிதலும், இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொள்ள மேலே ஒருவரை நிறுத்துதலுமே உண்மையான சகோதரத்துவமாகும்.

கருவிகளையும் பயிற்சியையும் அளிக்க வேண்டிய முதற்பொறுப்பு முதலாளியுடையதே. அதில் ஐயமில்லை. ஆயினும், அளிக்கப்பட்ட பாதுகாப்புச் சாதனத்தைப் புறக்கணித்தலும், தன்னையோ பிறரையோ வேண்டுமென்றே ஆபத்துக்குள்ளாக்குதலும் கூடாதென 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தொழிலாளிக்கு விதித்தது. நாடாளுமன்றம் 2020இல் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அக்கடமையைக் கூறுகிறது. ஆபத்தைக் கண்டால் தெரிவிக்க வேண்டும் என்றும் பணிக்கிறது. பழுதைச் சுட்டிக்காட்டுவது முதலாளிக்குச் செய்யும் துரோகமன்று. வாய்மூடியிருத்தலே உடன் உழைப்போருக்குச் செய்யும் துரோகம்.

உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதனை நம்பி இல்லத்தில் மனைவி மக்கள் காத்திருக்கின்றனர். "பிஸ்மில்லாஹ்" எனக் கூறி இறங்குமுன், "காற்றைச் சோதித்தாயிற்றா?" என ஒருமுறை கேட்பதும் அந்த அமானிதத்தைப் பேணுவதேயாகும். முயற்சியை நாம் முழுமையாகச் செய்வோம். முடிவை அவனிடம் ஒப்படைப்போம். எல்லாம் வல்ல அல்லாஹ் நம் உழைப்பாளர் அனைவரையும் காத்தருள்வானாக!