கூண்டும் மூளையும்

1960களில் அமெரிக்காவின் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துப் பெர்க்லி வளாகத்தில் மார்க் ரோசன்ஸ்வீக், மரியன் டயமண்ட் முதலிய அறிஞர்கள் எலிக்குட்டிகளை ஆராய்ந்தனர். ஒரே தாய் ஈன்ற குட்டிகளுள் ஒன்று, ஏணியும் சக்கரமும் விளையாட்டுப் பொருள்களும் நிறைந்த பெரிய கூண்டில் பல எலிகளோடு வளர்ந்தது. மற்றொன்று சிறிய கூண்டில் தனித்து அடைபட்டது. இரண்டிற்கும் உணவு குறைவின்றிக் கிடைத்தது. 80 நாள்களுக்குப்பின் ஆராய்ந்தபோது, கூடி விளையாடிய எலிகளின் மூளைப் புறணி தடித்தும் எடை மிகுந்தும் காணப்பட்டது.

இதைக் கேட்டவுடன் விலையுயர்ந்த விளையாட்டுப் பொருள்களைத் தேடி ஓடுவோர் உண்டு. அது பிழை. வயல்வெளியில் ஓடித் திரியும் எலியின் வாழ்வோடு ஒப்பிட்டால் அந்தப் பெரிய கூண்டும் வறியதே. பொருள்கள் மூளையை வளர்த்தன என்பதைவிடத் தனிமை அதனைக் குறுக்கியது என்பதே பொருந்தும்.

உணவையும் எளிதாக எண்ணலாகாது. பால்குடிப் பருவத்தில் போதிய பால் பெறாத எலிகளின் மூளையில் உயிரணுக்கள் குறைந்தன. பின்னர் வயிறார உண்டும் அக்குறை நீங்கவில்லை. ஆயினும், குறையூட்டம் பெற்ற குட்டிகளைத் தூண்டல் மிகுந்த சூழலில் வளர்த்தபோது அவற்றின் நடத்தைக் குறைபாடுகள் பெரிதும் தணிந்ததை லெவிட்ஸ்கி, பார்ன்ஸ் ஆகியோர் 1972இல் வெளியிட்டனர்.

எலி வேறு, குழந்தை வேறு. எனினும் நம் நாட்டில் 1975 முதல் இயங்கிவரும் அங்கன்வாடிகளில் சத்துணவுக்குத் தரப்படும் கவனம் கதைக்கும் பாட்டுக்கும் தரப்படவேண்டும். உணவு, எடை, பதிவேடு என அனைத்தையும் ஒரு பணியாளரும் ஓர் உதவியாளருமே கவனிக்கும் மையங்களில், குழந்தைகளோடு பேசி விளையாடுவதற்கென்றே ஓர் ஆசிரியரை அமர்த்துவது முறையாகும்.