உத்தியோக உயர்வில் ஜாதிபேதம்

பெரம்பலூரும் அரியலூரும் ஒரு காலத்தில் வானத்தை நம்பிய பூமி என்று மட்டுமே பேசப்பட்டன. பூமிக்கடியில் கிடந்த சுண்ணாம்புக்கல் அந்நிலையை மாற்றிவிட்டது. 1979-இல் சர்க்கார் அரியலூரில் சிமெண்டு ஆலை ஒன்றை நிறுவியது. பின்னர் ரெட்டிப்பாளையம், தளவாய், ஆலத்தியூர், கோவிந்தபுரம், கீழப்பழுவூர் முதலிய இடங்களில் தனியார் ஆலைகள் எழுந்தன. பெரம்பலூர் பக்கத்தில் நாரணமங்கலத்தில் டயர் ஆலை வந்தது. பொறியியற் கலாசாலைகளும் பெருகின. உழவர் வீட்டுப் பிள்ளைகள் இன்று என்ஜினியர்களாக வெளிவருகிறார்கள். இதைக் கண்டு நாம் மகிழ்ச்சியடைகிறோம்.

ஆனால் இந்த மகிழ்ச்சியின் நடுவே ஒரு கேள்வி எழுகிறது. 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி, பெரம்பலூர் ஜில்லாவில் நூற்றுக்குச் சுமார் 31 பேரும், அரியலூர் ஜில்லாவில் சுமார் 23 பேரும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். ராஜ்யம் முழுவதற்கும் இந்த விகிதம் 20. ஆலைகளுக்கு நிலம் தந்த கிராமங்களிலும், கல்லுடைக்கும் கூலிக்காரர்களிலும் இவர்கள் இருக்கிறார்கள். பட்டம் பெற்று வேலைக்கு மனுப்போடும் இளைஞர்களிலும் இருக்கிறார்கள். உள்ளே போனவர்கள் எந்தப் படி வரையில் ஏறியிருக்கிறார்கள்? மேஸ்திரி வரையிலா, மானேஜர் வரையிலா, டைரக்டர்கள் உட்காரும் மேஜை வரையிலா?

இக்கேள்விக்கு விடை சொல்லும்படி தனியார் கம்பெனி எதையும் எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. நமது முறையீட்டின் சாரம் இதுவே. நாம் குறிப்பிட்ட ஓர் ஆலையின் மீதும் குற்றம் சாட்டவில்லை. கணக்கே இல்லாத இடத்தில் குற்றவாளியையும் காட்ட முடியாது, நிரபராதியையும் காட்ட முடியாது. நேர்மையாக நடக்கும் முதலாளிக்கும் இந்த இருட்டு நஷ்டந்தான்.

ஒரே மண்ணில் இரண்டு நியாயங்கள் நடப்பதைக் கவனியுங்கள். அரியலூர்ச் சர்க்கார் ஆலையில் ஆள் எடுக்கும்போது, ராஜ்யத்தின் ஒதுக்கீட்டு விதிப்படி தாழ்த்தப்பட்டோருக்கு நூற்றுக்கு 18 இடம் உண்டு. அதே சுண்ணாம்புக்கல்லை வெட்டி, அதே சிமெண்டைச் செய்யும் தனியார் ஆலைக்கு அவ்விதி கிடையாது. சர்க்கார் தொழில்கள் சுருங்கித் தனியார் தொழில்கள் பெருகி வரும் காலத்தில், விதியுள்ள இடம் சிறுத்து விதியற்ற இடம் பெருத்து வருகிறது என்பதே இதன் பொருள்.

“தொழில் வளர்ந்தால் ஜாதி தானே அழியும், யந்திரத்துக்கு ஜாதி தெரியாது” என்று சிலர் சமாதானம் கூறுகிறார்கள். யந்திரத்துக்கு ஜாதி தெரியாது என்பது வாஸ்தவம். ஆனால் அதைத் துடைப்பவர் யார், ஓட்டுகிறவர் யார், ஓட்டுகிறவருக்கு உத்தரவு போடுகிறவர் யார் என்பதை யந்திரம் தீர்மானிப்பதில்லை. மனிதன் தீர்மானிக்கிறான். அவன் ஜாதியை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு ஆலைக்கு வருகிறான் என்பதற்கு என்ன ருஜு?

ருஜு நேர்மாறாக இருக்கிறது. சுகதேவ் தோரட், பால் அட்வெல் என்னும் இரு அறிஞர்கள் 2005 அக்டோபர் தொடங்கி 66 வாரங்கள் ஒரு பரீட்சை நடத்தினார்கள். ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 மனுக்கள் அனுப்பினார்கள். படிப்பும் அநுபவமும் சமமாக இருக்க, பெயரை மட்டும் மாற்றினார்கள். உயர்ஜாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை ஒன்று என்று கொண்டால், தாழ்த்தப்பட்டோர் பெயருக்கு அது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. 2007-இல் வெளிவந்த இந்த முடிவைப் படித்த பிறகும் “நாங்கள் யோக்கியதையை மட்டுமே பார்க்கிறோம்” என்று சொல்வது துணிச்சலான பேச்சு.

இது வாசற்படியின் கதை. உச்சிப்படியின் கதை இன்னும் மோசம். இந்தியாவின் முதல் 1,000 கம்பெனிகளின் டைரக்டர்களை ஆராய்ந்து 2012-இல் வெளியிடப்பட்ட ஒரு கட்டுரையின்படி, அவர்களில் நூற்றுக்குச் சுமார் 93 பேர் முற்பட்ட ஜாதியினர். தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் சேர்ந்து 3.5 பேர். தேச ஜனத்தொகையிலோ இவ்விரு வகுப்பினரும் நூற்றுக்கு 25 பேர்.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் எழுதும் வழக்கத்தை விட்டுவிட்டோம் என்று நாம் பெருமைப்படுகிறோம். பெருமைக்குரிய காரியந்தான். ஆனால் ஜாதியை அறியப் பட்டம் வேண்டியதில்லை. “சொந்த ஊர் எது? ஊரில் எந்தப் பக்கம்? எந்த விடுதியில் தங்கிப் படித்தீர்? தகப்பனாருக்கு என்ன தொழில்?” என்ற நாலு கேள்விகள் போதும். டில்லியைச் சுற்றியுள்ள பெரிய கம்பெனிகளின் அதிகாரிகளைச் சுரீந்தர் ஜோத்கா, காதரின் நியூமன் ஆகிய அறிஞர்கள் பேட்டி கண்டார்கள். அபேட்சகரின் குடும்பப் பின்னணியை விசாரிப்பது அங்கே சர்வ சாதாரணம் என்றும், அதை ஜாதிபேதம் என்று அந்த அதிகாரிகள் நினைப்பதே இல்லை என்றும் தெரிய வந்தது. யோக்கியதையைப் பார்ப்பவருக்குத் தகப்பனாரின் தொழில் எதற்கு?

உத்தியோக உயர்வில் இந்த விஷம் இன்னும் நுட்பமாக வேலை செய்கிறது. வேலை கொடுக்கும்போது பரீட்சை உண்டு, மதிப்பெண் உண்டு. உயர்வு கொடுக்கும்போது மேலதிகாரியின் அபிப்பிராயமே பிரதானம். எவனைப் பெரிய பொறுப்பில் வைத்துப் பழக்குவது, எவனைப் பயிற்சிக்கு அனுப்புவது, எவன் பெயரைத் தலைமை ஆபீசில் எடுத்துச் சொல்வது என்பதெல்லாம் கல்யாண வீட்டிலும் சாப்பாட்டு மேஜையிலும் உண்டாகும் நெருக்கத்தைப் பொறுத்திருக்கிறது. அந்த மேஜையில் இடம் பெறாதவனைப் பற்றி, “கெட்டிக்காரன்தான், ஆனால் கலந்து பழகமாட்டான், தலைமை வகிக்கும் குணம் போதாது” என்று எழுதிவிடுகிறார்கள். வசைமொழி ஒன்றுமில்லை, சட்டத்தை மீறியதற்கு அடையாளமும் இல்லை. ஆனால் கூடச் சேர்ந்தவர்கள் மேலே போக, அவன் அதே நாற்காலியில் நரை காண்கிறான்.

யோக்கியதை போதாது என்ற இந்தப் பேச்சைத் தேசபக்தர்கள் முன்பே கேட்டிருக்கிறார்கள். 1858-இல் விக்டோரியா ராணியின் பிரகடனம், ஜாதி மத வித்தியாசமின்றி உத்தியோகங்கள் கிடைக்கும் என்று வாக்களித்தது. ஆனால் சிவில் சர்விஸ் பரீட்சையை லண்டனில் மட்டுமே நடத்தினார்கள். 1878-இல் அதற்கான வயது வரம்பை 21-லிருந்து 19 ஆகக் குறைத்தார்கள். இந்தியாவிலும் பரீட்சை நடக்க 1922 வரையில் காத்திருக்க நேர்ந்தது. “இந்தியனுக்குப் புத்தியுண்டு, ஆனால் நிர்வாகத் திறமை வரவில்லை” என்று வெள்ளைக்காரன் சொன்னபோது நமது ரத்தம் கொதித்தது. அதே வாக்கியத்தை நம்மவர் நம்மவரைப் பார்த்துச் சொல்லும்போது மட்டும் அது எப்படி நியாயமாகும்?

நாம் கொடுத்த வாக்கு ஒன்றும் பாக்கியிருக்கிறது. 1932 செப்டம்பர் 24-இல் கையெழுத்தான புனா ஒப்பந்தம் சட்டசபை ஸ்தானங்களைப் பற்றி மட்டும் பேசவில்லை. பொது உத்தியோகங்களில் தாழ்த்தப்பட்டோர் நியாயமான பங்கு பெற எல்லா முயற்சியும் செய்யப்படும் என்றும் அது கூறியது. தமிழ்நாட்டிலிருந்து ராஜாஜியும், எம்.சி. ராஜாவும், ரெட்டமலை சீனிவாசனும் அதில் கையொப்பமிட்டார்கள். 1943-இல் டாக்டர் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாக சபையில் இருந்தபோது, மத்திய உத்தியோகங்களில் நூற்றுக்கு எட்டேகால் பங்குக்குச் சற்று மேலாக இடம் ஒதுக்கப்பட்டது. 1970-இல் அது 15 ஆயிற்று.

அங்கேயும் உயர்வு என்ற படிக்கட்டில் போராட்டம் ஓயவில்லை. பதவி உயர்வில் ஒதுக்கீடு செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் 1992-இல் தீர்ப்பளித்தது. பார்லிமெண்ட் 1995-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி அதை மீட்டது. 2006-இல் கோர்ட், உயர் பதவிகளில் போதிய இடம் கிடைக்கவில்லை என்பதைச் சர்க்கார் கணக்கால் காட்ட வேண்டும் என்றது. ஒதுக்கீட்டுக்கு விரோதமாக எழுந்த நிபந்தனை என்று பலர் அதைக் கண்டித்தார்கள். நாம் அதையே திருப்பிக் கேட்கிறோம்: சர்க்கார் கணக்குக் காட்ட வேண்டுமானால் கம்பெனிகள் ஏன் காட்டக் கூடாது?

முதலாளித்துவத்தின் தாய்வீடு என்று சொல்லப்படும் அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே கறுப்பின மக்களுக்கு நேர்ந்ததும் இதுவே. வட கரோலினாவில் டியூக் பவர் கம்பெனியின் மின்சார நிலையம் ஒன்றில் கறுப்பர்களைக் கூலிப் பகுதியில் மட்டுமே வைத்திருந்தார்கள். மற்றப் பகுதிகளின் மிகக் குறைந்த சம்பளத்தைவிட அப்பகுதியின் மிக உயர்ந்த சம்பளம் குறைவு. 1964-ஆம் வருஷத்துச் சிவில் உரிமைச் சட்டம் இதைத் தடுத்தது. சட்டம் அமலுக்கு வந்த 1965-இல் கம்பெனி வேறு பகுதிகளுக்குப் போகப் புதிய பரீட்சைகளை வைத்தது. நிற பேதம் போய் யோக்கியதை வந்து உட்கார்ந்தது! 1971-இல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது: பார்வைக்குச் சமமாகத் தோன்றும் பரீட்சையானாலும், அது ஒரு வகுப்பாரைத் தடுத்து நிறுத்தினால், செய்யவேண்டிய வேலைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டென்று முதலாளியே நிரூபிக்க வேண்டும்.

அத்துடன் அந்நாடு நிற்கவில்லை. 100 பேருக்குமேல் வேலை செய்யும் கம்பெனிகள், எந்தப் படியில் எந்த இனத்தார் எத்தனை பேர் என்று வருஷந்தோறும் சர்க்காருக்குக் கணக்குக் கொடுக்கும் ஏற்பாடு 1966-இல் தொடங்கிற்று. பேதம் அங்கே ஒழிந்துவிட்டதாக நாம் சொல்லவில்லை. பாஸ்டனிலும் சிகாகோவிலும் நடந்த பரீட்சை ஒன்றில், வெள்ளையர் பெயருள்ள மனுக்களுக்கு நூற்றுக்கு 50 பங்கு அதிகமாக அழைப்பு வந்ததென்று 2004-இல் வெளியாயிற்று. ஆனால் அங்கே வியாதிக்கு நாடி பார்க்கிறார்கள். இங்கே நாம் நாடியையே தொட மறுக்கிறோம்.

“சொந்தப் பணம், சொந்தத் தொழில், சர்க்காருக்கு என்ன வேலை?” என்பது முதலாளிகளின் கடைசி ஆட்சேபணை. சுண்ணாம்புக்கல் எவருடைய பிதிரார்ஜிதமும் அல்ல. அதை வெட்டக் குத்தகை கொடுப்பது சர்க்கார். பாதை சர்க்காருடையது. புழுதியைச் சுவாசிப்பது ஊர் ஜனங்கள். மேலும் சர்க்கார் தலையிடாத விஷயமும் அல்ல இது. 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின்படி, பங்குச் சந்தையில் பதிவான கம்பெனிகளின் டைரக்டர்களில் ஒரு ஸ்திரீயாவது இருக்க வேண்டும். பெரிய கம்பெனிகள் தங்கள் ஸ்திரீ சிப்பந்திகளின் எண்ணிக்கையை வெளியிடுகின்றன. தொழில் எதுவும் இதனால் மூழ்கிவிடவில்லை. ஸ்திரீகளுக்குக் கணக்கு உண்டு, ஜாதிக்குக் கணக்கு இல்லை என்பது எந்த நியாயம்?

நாம் கோருவது நான்கே காரியங்கள். முதலாவது, 100 பேருக்குமேல் வேலை செய்யும் ஒவ்வொரு கம்பெனியும், படிவாரியாகத் தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் எத்தனை பேர் என்பதை, தனிமனிதர் பெயரின்றி, வருஷந்தோறும் வெளியிட வேண்டும். இரண்டாவது, உயர்வுக்கான விதிகளை எழுத்தில் வைத்து, உயர்வு மறுக்கப்பட்டவருக்குக் காரணத்தையும் எழுத்தில் தரவேண்டும். மூன்றாவது, வேலைக்கான பேட்டியில் ஊர், தெரு, குடும்பத் தொழில் பற்றிய கேள்விகளை விலக்க வேண்டும். நான்காவது, ஸ்திரீகளின் முறையீட்டுக்கு 2013-ஆம் வருஷத்துச் சட்டம் ஏற்படுத்தியதுபோல, வெளியார் ஒருவர் அங்கம் வகிக்கும் கமிட்டி ஜாதிபேத முறையீட்டுக்கும் வேண்டும். 2006-க்குப் பின் முதலாளிகளின் சங்கங்கள் தாங்களே இஷ்டப்பட்டு ஏற்கும் நடத்தை விதிகளைச் செய்தன. இஷ்டப்பட்டவர் செய்வது தருமம். நாம் கேட்பது உரிமை.

இதில் ஊழியர்களுக்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சுரங்கங்களை விஸ்தரிக்கும்போது ஜனங்களின் கருத்துக் கேட்கும் கூட்டம் நடத்த வேண்டும் என்பது 2006-ஆம் வருஷத்து விதி. அக்கூட்டங்களில் தண்ணீரையும் புழுதியையும் பற்றிக் கேட்கிறோம். உள்ளூராருக்கு வேலை வேண்டும் என்றும் கேட்கிறோம். இனி, “எந்த வேலை? எந்தப் படி வரையில்?” என்றும் கேட்க வேண்டும். கிராம சபைகளில் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். சட்டசபை அங்கத்தினர்களை, குத்தகை நிபந்தனையாகவே இக்கணக்கைச் சேர்க்கும்படி நெருக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளத்தோடு உயர்வு விதியையும் பேச்சில் வைக்க வேண்டும்.

வாசலைத் திறந்துவிட்டுப் படிக்கட்டை மறைத்துவைப்பது சமத்துவம் ஆகாது. பெரம்பலூர், அரியலூர் மண் தன் கல்லைக் கொடுத்துவிட்டது. அதன் பிள்ளைகள் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று சொல்லக் கம்பெனிகள் கடமைப்பட்டிருக்கின்றன. சர்க்கார் இனியும் தாமதிக்காமல் அக்கணக்கைக் கேட்கும் என்று எதிர்பார்க்கிறோம்.