பெங்களூரு - மைசூரு எக்ஸ்பிரஸ்வே: 188 மரணம் 50 ஆனது எப்படி? கணக்கு என்ன சொல்கிறது?

லாங் வீக்கெண்ட் வந்தால் பெங்களூரில் வேலை பார்க்கும் நம்மில் பலரும் ஊட்டிக்கோ கூர்க்குக்கோ கிளம்புவது இந்த ரோட்டில்தான். ராமநகரா, சென்னபட்டணா, மத்தூர், மண்டியா எல்லாவற்றையும் பைபாஸில் ஒதுக்கிவிட்டு மைசூரு வரை சுமார் 119 கிலோமீட்டர். 2023 மார்ச் 12-ல் பிரதமர் திறந்து வைத்தார். மூன்று மணி நேரப் பயணம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

விபத்துகளும் கூடவே வந்தன. 2023 ஜூனில் மட்டும் 28 பேர் இறந்தார்கள். ஜூலையில் அது 8. அப்போது கர்நாடகப் போக்குவரத்து, சாலைப் பாதுகாப்புப் பிரிவின் ஏடிஜிபியாக இருந்த அலோக் குமார் வெளியிட்ட கணக்கு இது. வருடக் கணக்கில் 2023-ல் 188 மரணம், 2024-ல் 50.

சந்தோஷமான செய்திதான். ஆனால் எது வேலை செய்தது என்று தெரியாவிட்டால், அடுத்த ரோட்டில் எதைக் காப்பி அடிப்பது? பெங்களூரு - சென்னை எக்ஸ்பிரஸ்வேயின் கர்நாடகப் பகுதியில் ஏற்கெனவே வண்டிகள் ஓடுகின்றன.

ஜூலையில் நடந்தது அதிர்ஷ்டமா?

விபத்து எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் தானாகவே ஏறி இறங்கும். எவ்வளவு ஏறி இறங்கும் என்பதற்குப் புள்ளியியலில் பாய்சான் என்றொரு மாதிரி உண்டு. சராசரியின் வர்க்கமூலத்தை எடுங்கள். அதில் இரண்டு மடங்கு மேலே கீழே போவது சகஜம். 188-ஐ 12-ஆல் வகுத்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 16. வர்க்கமூலம் 4. ஆக 8 முதல் 24 வரை எந்த எண் வந்தாலும் பெரிதாக ஆச்சரியப்பட வேண்டியதில்லை. ஒரே காரில் நாலு பேர் இறக்கும் விபத்துகளையும் சேர்த்தால் ஊசலாட்டம் இன்னும் அதிகம்.

அதாவது ஜூனின் 28 வழக்கத்தை விட மோசமான மாதம். மோசமான மாதத்தைப் பார்த்துப் பதறி எதைச் செய்தாலும், எலுமிச்சம்பழம் கட்டினாலும்கூட, அடுத்த மாதம் பெரும்பாலும் குறையும். டபுள் செஞ்சுரி அடித்தவர் அடுத்த இன்னிங்ஸில் அதே ரன் அடிப்பதில்லையே, அது மாதிரி. இதற்கு 'சராசரிக்குத் திரும்புதல்' என்று பெயர். 'பிளாக் ஸ்பாட்' என்று ஒரு ஜங்ஷனைத் தேர்ந்தெடுத்து போர்டு வைத்துவிட்டு, மறு வருடம் வெற்றி அறிவிப்பதில் பெரும்பாலும் இந்தத் தப்பு ஒளிந்திருக்கும்.

ஒரு விஷயம்: அந்த 16-ல் நடவடிக்கைக்குப் பிந்தைய மாதங்களும் கலந்திருக்கின்றன. முந்தைய உண்மைச் சராசரி இன்னும் மேலே இருந்திருக்கும். அப்படியானால் 8 என்பது வெறும் அதிர்ஷ்டமாக இருக்க வாய்ப்பு குறைவு. வருடக் கணக்கில் சந்தேகமே வேண்டாம். 188-ன் வர்க்கமூலம் சுமார் 14. தற்செயலாக 160-க்கு இறங்கலாம், 50-க்கு இறங்காது.

வேகமா, பைக்கா?

ஜூலையில் போலீஸ் ரேடார் கன்னோடு ரோட்டில் நின்றது. வேக வரம்பு 100. பைக், ஆட்டோ, டிராக்டருக்குத் தடை வந்ததோ ஆகஸ்ட் 1-ல். ஆகவே ஜூலை சரிவுக்குத் தடையைக் காரணம் சொல்ல முடியாது.

ஸ்வீடனின் கோரன் நில்சன் தந்த ஒரு மாதிரிப்படி, மரண விபத்துகள் சராசரி வேகத்தின் நான்காம் அடுக்கில் மாறும். சராசரி 100-லிருந்து 90-க்கு இறங்கியது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 0.9-ஐ நான்கு முறை பெருக்கினால் 0.66. 188 என்பது 123 ஆகும். அதற்கு மேல் வேகம் மட்டும் விளக்காது. இப்போது பைக்கைக் கழியுங்கள். 2022-ல் இந்தியச் சாலை மரணங்களில் 44.5 சதவீதம் டூ-வீலர்காரர்கள். அதே விகிதத்தை இங்கும் வைத்தால் 123 என்பது 68 ஆகும். 50-க்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். மீதிக்கு வேலி, 2024-ல் வந்த கேமராக்கள் என்று சொல்லலாம். இது கைக்கணக்குதான். ஆனால் இரண்டு நடவடிக்கைகளும் சேர்ந்துதான் வேலை செய்திருக்க வேண்டும் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

இங்கேதான் ஒரு உறுத்தல். மத்தூரிலிருந்து மண்டியாவுக்கு தினமும் பைக்கில் வேலைக்குப் போகிறவர் வீட்டிலேயே உட்கார்ந்துவிடவில்லை, சர்வீஸ் ரோட்டுக்கு மாறினார். அவருடைய ஆபத்து குறைந்ததா, இடம் மாறியதா? மெயின் ரோட்டு மரணத்தை மட்டும் எண்ணினால் இதற்குப் பதில் கிடைக்காது. சர்வீஸ் ரோட்டையும் சேர்த்து, எத்தனை வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற கணக்கோடு வகுக்க வேண்டும்.

பெங்களூரு சிட்டிக்குள் பைக்கைத் தடை செய்ய யாராலும் முடியாது. டாம்டாம் கணக்குப்படி 2023-ல் நகர மையத்தில் 10 கிலோமீட்டர் போக சராசரி 28 நிமிடம் 10 வினாடி, அதாவது மணிக்கு 21 கிலோமீட்டர். இவ்வளவு ஊர்ந்தும் அதே வருடம் மத்திய அரசு அறிக்கைப்படி இந்த ஊரில் 915 பேர் இறந்தார்கள். இந்தச் சராசரி வேகம், ராத்திரி 2 மணிக்குக் காலியான ரிங் ரோட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லாது. ஆனாலும் ஜாமைக் கணிக்கும் மாதிரிகளுக்குத்தான் மவுசு. 2024 ஜனவரியில் டிராஃபிக் போலீஸ் தொடங்கிய 'அஸ்திரம்' அமைப்பைப் பற்றி நாம் அதிகம் கேள்விப்பட்டதும் நெரிசலுக்காகத்தான்.

டேட்டா இல்லாமல் இல்லை. சென்னை ஐஐடி உருவாக்கிய 'ஐராட்' ஆப்பில் விபத்து நடந்த இடத்திலேயே போலீஸ் விவரங்களைப் பதிகிறது. நமக்கு வருவதோ வருடத்துக்கு ஒரு அறிக்கை. 2022-ன் கணக்கு வெளியானது 2023 அக்டோபரில். அந்த மத்தூர் பைக்காரரின் கேள்விக்குப் பதில், பெரும்பாலும் ஏதோ ஒரு சர்வரில் ஏற்கெனவே இருக்கிறது.